ஒப்பீடு எண் இரண்டு

பத்தரைக்கு வருவதாகச் சொன்னவர்
பத்து இருபதுக்கே மணியடித்தார்.
அடுப்பு மேடையை இரண்டாம் தடவையாகத்
துடைத்துக்கொண்டிருந்தேன்.
வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர். சூடானியர், பெயர் ஹைதம்.
வாசலில் குனிந்து காலணிக்கு நீல உறை மாட்டினார்,
அறுவை அரங்குக்குள் நுழைகிறவரைப் போல.

நேற்று முழுக்க இந்த வருகைக்காகத்தான்.
தர்சியூஸ் குளியலறை மூலைக் கறுப்பைப்
பழைய பிரஷ்ஷால் தேய்த்தார்.
நான் திரைச்சீலைகளைத் துவைத்து
ஈரத்தோடே மாட்டினேன்.
சாம்பிராணிகூடப் போட்டோம்.

அவர் திரையை விலக்கி
ஜன்னல் சட்டத்தை மட்டும் பார்த்தார்.
சாம்பிராணிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

கைக்கருவியிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி
சுவருக்குச் சுவர் தாவியது.
பதினோரு வருடமாக இருட்டிலும்
இடித்துக்கொள்ளாமல் நடக்கிற கூடம்
நாலு விநாடியில் அதற்கும் தெரிந்துவிட்டது.

பால்கனியில், 'கடல்' என்றேன்.
கழுத்தை இடதுபக்கம் ஒடித்தால்
இரண்டு புதுக் கட்டடங்களின் இடுக்கில்
ஒரு முழம் நீலம்.
அவரும் ஒடித்துப் பார்த்தார், பாவம், நேர்மையான மனிதர்.
'பகுதிக் காட்சி' என்று குறித்துக்கொண்டார்.

தேநீர் வேண்டாம். தண்ணீரும் வேண்டாம்.
பார்க்கப் போகிற வீட்டில்
வாய் நனைக்கக் கூடாதென்று விதியாம்.

சமையலறை அலமாரிக்குப் போட்ட ஒன்பதாயிரம் திர்ஹத்தைப் பற்றி
நான் வாய் திறக்குமுன்
தர்சியூஸ் ரசீதையே நீட்டிவிட்டார்.
வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.
'நல்ல வேலைப்பாடு' என்றார்.
'ஆனால் செலவு வேறு, விலை வேறு.'
மொத்தம் இருபத்திரண்டு நிமிடம்.

ஆறாம் நாள் அறிக்கை வந்தது.
முப்பத்தொரு பக்கத்தில் எங்கள் வீடு நான்கு பக்கம்.
மீதியெல்லாம் பிறர் வீடுகள்.
நம் வீட்டுக்கு விலை
நம் வீட்டுக்குள் இல்லை என்பதை
அஜ்மானில், ஒரு செவ்வாய்க்கிழமை,
பத்தொன்பதாம் பக்கத்தில் தெரிந்துகொண்டேன்.

ஒப்பீடு எண் ஒன்று: பதினொன்றாம் மாடி, உள்பக்கம்.
ஒப்பீடு எண் இரண்டு: 1407.
அதே பரப்பு, அதே திசை, அதே ஒரு முழக் கடல்.
மார்ச்சில் விற்றது.

மொகுதூம் காக்கா வீடு.

'இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம் அந்த ஆளு,'
என்று மேசையைத் தட்டினார் தர்சியூஸ்.
'தன் விலையோடு நம்ம விலையையும் சேர்த்து இறக்கிட்டுப் போயிட்டாரு.'

எப்படிப் பொறுப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.
வேலை போன வாரமே விசா எண்ணத் தொடங்கியது.
தரகர் ஒரு தொகை சொன்னார், மறுநாள் அதைவிடக் குறைத்து
ஒரு தொகை சொன்னார்.
ஹபீபா லாத்தா தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்ற,
நான்தான் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தேன்.
பாதி மூட்டை பாஸ்மதியை எங்கள் வாசலில் வைத்துவிட்டு
'இது காயல்பட்டினம் வரை வராது' என்று சிரித்தார்.
போன மாதம் வரை அதைத்தான் சாப்பிட்டோம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரையறை இருக்கிறது:
விரும்பி விற்பவருக்கும் விரும்பி வாங்குபவருக்கும் இடையே,
இருவருக்கும் எந்த நெருக்கடியும் இல்லாதபோது
படிகிற தொகையே சந்தை மதிப்பு.

மறுப்புத் தெரிவிக்கப் பதினான்கு நாள்.
அது கட்டாயத்தில் நடந்த விற்பனை என்று காட்டினால்
பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.
வாயால் சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும்.
பணிநீக்கக் கடிதத்தின் நகல் இருந்தால் நல்லது,
என்றாள் வங்கிப் பெண், மிகவும் கனிவாக.

வாட்ஸாப்பில் ஹபீபா லாத்தாவின் பெயரைத் திறந்தேன்.
'சுகமா இருக்கீங்களா?' என்று அனுப்பினேன்.
உடனே இரண்டு நீலக்கோடு.
அடுத்த வரியை எப்படித் தொடங்க என்று தர்சியூஸைக் கேட்டேன்.
அவர் அலமாரி ரசீதை
மடித்த மடிப்பிலேயே
மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.